இழிசனர் வழக்கும் வாவிக்கரை வழக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களிற் சூடு மிதிக்கும் உழவர், களத்தில் நிற்கும் பொழுது நெல்லை நெல்லென்று சொல்லுவதில்லை. ‘பொலி’ என்றே சொல்லுவர். மாட்டுக்கும் கடகத்துக்குங்கூட அங்கே வேறு பெயர்கள் உண்டு. வீட்டுமொழியைக் களத்திற் பேசினால் விளைவைக் கவரும் ஆவிகள் அறிந்துகொள்ளும் என்பது அவர்தம் நம்பிக்கை. களத்தை விட்டு வெளியேறியதும் அச்சொற்கள் நாவில் நில்லா. நன்னூலார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக வகுத்து, தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம் என்பவற்றோடு குழூஉக்குறியையும் வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இதற்கு வழிவழியாகக் காட்டப்பெறும் உதாரணங்கள். மட்டக்களப்பு உழவனின் களமொழியும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதே. ஆயின், அவ்வுழவன் நாள்தோறும் பேசும் பேச்சை ஒருவன் கதையில் எழுதினால் அஃது இலக்கியமாகுமா என்ற வினா 1960களின் முற்பகுதியில் ஈழத்திற் பெரும் பூசலாக வெடித்தது. மரபுப் போராட்டம் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடுவது அதனையே. அப்போரிற் பெரிதும் எடுத்து வீசப்பெற்ற படைக்கலம் ‘இழிசனர் வழக்கு’ என்னும் தொடர்.

போர் திடீரென்று மூண்டதன்று. 1931ஆம் ஆண்டு இலங்கையில் வளர்ந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது. தாய்மொழியிலே கற்கும் வாய்ப்பும் உடன் வந்தது. அதற்கு முன் ஏடும் எழுத்தாணியும் எட்டாத குடிகளிலிருந்து எழுதத் தெரிந்த ஒரு தலைமுறை புறப்பட்டது. அத்தலைமுறை எழுதியதை ஏற்க நாளிதழ்களும் இருந்தன. 1930இல் வீரகேசரியும், 1932இல் தினகரனும், 1947இல் சுதந்திரனும் தோன்றியிருந்தன. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அமைந்தது. 1959இல் தினகரன் ஆசிரியப் பொறுப்பினை ஏற்ற க. கைலாசபதி, ஈழத்து எழுத்தாளர்க்கு, அதிலும் புதியவர்க்கு, இதழின் பக்கங்களைத் தாராளமாகத் திறந்துவிட்டார். யாழ்ப்பாணத்திற் சிகையலங்கார நிலையம் நடத்திவந்த டொமினிக் ஜீவா எழுதிய ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. பரிசு கிட்டிய பின்னரே பலர் அந்நூலைத் திறந்து பார்த்தனர் போலும், பார்த்தவர்க்கு அதிர்ச்சி. கதைமாந்தர் இலக்கணச் சுத்தமாகப் பேசவில்லை. அவர்கள் தம் வீட்டிற் பேசுவது போலவே நூலிலும் பேசினர்.

மரபின் காவலராகப் போந்தவருள் பண்டிதர் சோ. இளமுருகனாரும் பல்கலைக்கழக விரிவுரையாளர் கலாநிதி ஆ. சதாசிவமும் குறிப்பிடத்தக்கோர். இவர்களை அறியாமையால் எதிர்த்தோர் என்று ஒதுக்குதல் பொருந்தாது. சதாசிவம் தொகுத்த ‘ஈழத்துத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1966இல் வெளிவந்தது. ஈழத்துக் கவிதைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு என்று காட்டுவதற்கு அத்தொகுப்புப் பேருதவி புரிந்தது. இத்தகையோர் கூறிய நியாயமும் நியாயமே. வழக்கு என்பது உயர்ந்தோரைப் பற்றி நிற்பது என்று தொல்காப்பியர் மரபியலிற் கூறினார். உலகியல் அவர்களைச் சார்ந்து நடத்தலே அதற்குக் காரணம் என்றும் அவரே காட்டினார். ஊர்தோறும் திரிந்து மருவும் பேச்சினை எழுத்திற் புகுத்தினால், நல்லூரான் எழுதியது நாகப்பட்டினத்தானுக்கு விளங்காது போகும். ஈராயிரம் ஆண்டு ஒருமை காத்த மொழி பல கூறாகச் சிதறும் என்பது அவர்களின் அச்சம். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின், தமிழின் ஒருமையே தமிழரின் அரண் என்ற எண்ணம் வலுத்திருந்த காலம் அது. அவ்வச்சத்தை ஏளனம் செய்தல் இன்றும் எளிது. அன்று அது வெறுங் கற்பனையன்று.

எனினும், அச்சத்தைச் சொல்லுதற்கு அவர்கள் தேர்ந்த சொல்லை நோக்குதல் வேண்டும். கொச்சை என்றிருக்கலாம், மரூஉ என்றிருக்கலாம், வழூஉ என்றே கடிந்திருக்கலாம். இவையெல்லாம் சொல்லைக் குறித்த சொற்கள். இழிசனர் என்பது சொல்லைக் குறித்ததன்று, சொல்லுவோனைக் குறித்தது. புறநானூற்றிலே கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியும், போர்ப்பறை முழக்கக் கோல் ஏந்தியவனும் ‘இழிசினன்’ என்ற பெயரால் அழைக்கப்பெறுகின்றனர். தொழிலும் பிறப்பும் அப்பெயரினுள் ஒட்டிக்கிடக்கின்றன. உரையாசிரியர் காலத்துக் கலைச்சொல் என்று கூறி அவ்வொட்டினைக் கழுவிவிட முடியாது. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் ஒன்றினை நாடாளுமன்றம் இயற்ற வேண்டியிருந்த நாட்டில், தேநீர்க் கடையிலும் கோயில் வாயிலிலும் மறிக்கப்பட்டவர் தாம் எழுதிய கதையின்மேல் அச்சொல்லைக் கண்ட பொழுது, அதனை இலக்கணக் குறிப்பாகவா வாசித்திருப்பர்?

இவ்வையத்தை உறுதிப்படுத்தும் சான்றொன்று உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ என்ற நாடகத் தொகுதியை வெளியிட்டார். 1952இல் ‘இருநாடகம்’ வந்தது. இரண்டிலும் பாத்திரங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழையே பேசுகின்றன. பேச்சொலியை எழுத்திற் பிடித்து வைப்பதில் அப்பேராசிரியர் காட்டிய நுட்பம் வியக்கத்தக்கது. சாசன மொழியை ஆராய்ந்து இலண்டனிற் பட்டம் பெற்றவர் அவர். எந்த ஒலி எங்கே திரியும் என்பதை நன்கறிந்தவர். அந்நாடகங்களைக் கண்டோர் சிரித்து மகிழ்ந்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது போன்ற புயலொன்று அன்று எழவில்லை. பேச்சு அதே பேச்சுத்தான். பேசிய வாய் வேறு. எழுதிய கை வேறு. யாழ்ப்பாணத்து நடுத்தர வீட்டு விறாந்தையிற் பேசிய பொழுது பேச்சுவழக்கு எனப்பட்டது, தொழிலாளர் குடியிருப்பிற் பேசிய பொழுது இழிசனர் வழக்காயிற்று. மரபுவாதிகளின் வாதத்திலுள்ள பெரும் விரிசல் இதுவே. மொழியின் ஒருமை பற்றிய கவலை 1940இலும் எழுந்திருக்க வேண்டுமன்றோ?

எதிர்வாதம் செய்தோரின் எழுத்துக்கள் ஒரே தரத்தனவல்ல. இளங்கீரன், அ. ந. கந்தசாமி, கா. சிவத்தம்பி, கைலாசபதி முதலியோர் நாளிதழிலும் மேடையிலும் விடை கூறினர். மக்கள் இலக்கியம், வர்க்கம், போராட்டம் என்னும் சொற்களை அடுக்கியதோடு விடை முடிந்துவிட்டதென்று கருதியோரும் அவ்வணியில் இருந்தனர். யாழ்ப்பாணத்திலே சாகித்திய மண்டல விழாவொன்றில் மரபணியினர்மீது கூழ்முட்டை வீசப்பட்டது. அதனை வீரச்செயலாக நினைவுகூர்வோர் இன்றும் உளர். அது வாதத்துக்கு விடையன்று. சொல்லால் இழிவுபடுத்தியோரைச் செயலால் இழிவுபடுத்தியதனால், மரபாளர்க்குத் தாம் சொன்னது சரியே என்று கூற ஒரு வாய்ப்புக் கிட்டியது என்பதன்றி வேறு பயன் விளைந்ததாகத் தெரியவில்லை.

மெய்யான விடை சற்றுக் காலந்தாழ்த்தி, ஆரவாரமின்றி வந்தது. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்து எழுதிய தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிய வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு, அவை வாய்மொழியாகப் பாடித் திரிந்த பாணர் மரபில் உருவானவை என்று நிறுவ முயன்ற நூல் அது. அதன் முடிபுகள் அனைத்தையும் அறிஞர் ஏற்றனர் அல்லர். எழுத்தறிவுடைய புலவரின் படைப்பே சங்கச் செய்யுள் என்று மறுத்தோரும் உண்டு. ஆயினும் அதன் குறிப்பு மரபுவாதத்தின் வேரிலே சென்று தைத்தது. உயர்ந்தோர் வழக்கின் உச்சியென்று பண்டிதர் போற்றும் செய்யுட்கள், யாழைத் தோளிற் சுமந்து பசியோடு ஊரூராக நடந்த இரவலரின் நாவிலிருந்து வந்தவையாயின், இழிசனர் யார்? முட்டை வீசியவர் கேட்க அறியாத வினா இது.

இனி, இப்போரில் மட்டக்களப்பின் இடம் யாது என்று நோக்குதல் தகும். மரபணித் தலைவரும் எதிரணித் தலைவரும் பெரும்பாலும் வடபுலத்தவரே. மரபாளர் காத்த செந்தமிழ் நாவலர் பரம்பரையின் செந்தமிழ். எதிரணியினர் எழுதிய மண்வாசனை யாழ்ப்பாணத்து மண்ணின் வாசனை. ஈழத்துப் பேச்சுத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் என்பதில் இரு திறத்தாரும் ஐயமின்றி ஒன்றுபட்டிருந்தனர். ‘மறுகா’ என்றும், ‘கிறுகி வா’ என்றும், ‘என்னகா மனே’ என்றும் பேசும் வாவிக்கரையானின் பேச்சு, அவ்விரு திறத்தார்க்கும் சிறிது நகைப்புக்குரியதாகவே தோன்றியது. ஆனால் செக்கோசிலவாக்கியத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல் இலங்கைத் தமிழ் பற்றி எழுதிய கட்டுரையிலே, பேச்சுத் தமிழ் வகைகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே எனக் கூறினார். பழமையான கூறுகள் சில அதனிடம் எஞ்சியிருத்தலையும் சுட்டினார். நகைத்தோர் இதனை அறிந்திருந்தனரா என்பது வேறு. ‘மறுகா’வில் ‘மறு’ என்னும் பழஞ்சொல் வெளிப்படையாகவே நிற்கின்றது. எழுவான்கரை, படுவான்கரை என்று வாவியின் இரு கரைகளுக்கும் இட்ட பெயர்களைப் பார்த்தாலே போதும்: கதிரவன் எழுவதையும் படுவதையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட அம்மக்களுக்குத் தமிழ் கற்பிக்க வேறெவரும் வர வேண்டியதில்லை.

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொல்லினை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக எண்ணினார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் என ஏற்றதோடு, அவை செய்யுளிலும் வரலாம் என்றார். மரபியலை எடுத்துக்காட்டிய பண்டிதர் எச்சவியலை ஏன் எடுத்துக்காட்டவில்லை என்று எவரேனும் கேட்டிருந்தால், பூசலின் போக்கே மாறியிருக்கும். வட்டை, வட்டைவிதானை, போடியார், முல்லைக்காரன் என்னும் சொற்கள் திசைச்சொல்லாதற்கு என்ன குறை? வயற்பரப்பையும், அதன் நீர்க்காரியம் பார்ப்பவனையும், நிலவுடைமையாளனையும், அவனுக்காக வேளாண்மை செய்விப்போனையும் குறிக்க வேறு தமிழ்ச் சொல் வைத்து எழுதினால் மட்டக்களப்பு வாழ்வு அவ்வெழுத்தில் இராது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்கு நிலத்தின்மேல் நிலையுரிமை வழங்க முற்பட்டபோது, போடியாருக்கும் உழுதவனுக்கும் இடையே படுவான்கரையில் நிகழ்ந்தவற்றை, அச்சொற்கள் இன்றி எவரால் எழுத இயலும்? உலகியல் உயர்ந்தோரைச் சார்ந்து நடப்பதால் வழக்கு அவர்களுடையது என்பதே தொல்காப்பியர் காட்டிய காரணமாயின், உழுதவனின் வாக்கும் சட்டத்தை இயற்றும் காலத்தில் உலகியல் யாரைச் சார்ந்து நடக்கின்றது என்பதையும் ஆராய வேண்டும். சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் காரணத்தை விட்டுவிடுதல் நல்ல உரைமரபாகாது.

மட்டக்களப்பிலே இப்பூசல் வடக்கிற் போல முற்றாமைக்குக் காரணம் உண்டு. இங்கே பண்டிதரும் பாமரரும் அவ்வளவு தூரத்தில் நின்றாரல்லர். சுன்னாகத்துப் பண்டிதரும் கல்விப் பகுதியிற் பணியாற்றியவருமான தி. சதாசிவ ஐயர், இப்பகுதி மக்கள் கோலடித்து ஆடும்போது பாடும் வசந்தன் பாடல்களைத் திரட்டி 1940இல் ‘வசந்தன் கவித்திரட்டு’ என வெளியிட்டார். வடமொழியும் தென்மொழியும் கற்ற ஐயர் ஒருவர், ஊர்ச் சிறார் ஆடும் கோலாட்டப் பாட்டைத் தேடி எழுதுவித்து அச்சேற்றினார் என்பது, ‘பண்டிதர் அனைவரும் மக்களை இகழ்ந்தோர்’ என்னும் எதிரணியின் எளிய தீர்ப்புக்கு நேர்மாறான சான்று. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல், பூசலின் சூடு ஆறாத வேளையிலே வெளிவந்தது. ஊர்ப்பாடல், கூத்து, கண்ணகி வழிபாடு, பேச்சுவழக்கு என யாவற்றையும் அவர் ஒரு நூலிலே தொகுத்துவைத்தார். அதில் எதிரணியின் முழக்கமும் இல்லை. மரபணியின் சீற்றமும் இல்லை. நாட்டுப்பாடலைச் சங்கப் பாடலோடு அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அவருக்குத் தயக்கமே இல்லை. ஒப்புமை சில இடங்களில் மிகைப்பட்டுவிடுகின்றது; எல்லாப் பழமையையும் சங்ககாலத்துக்கே கொண்டுசென்று முடிச்சிடும் அக்காலத்துப் பண்டிதரின் ஆசை அவரையும் விட்டதன்று. எனினும், இகழப்பட்டதை எடுத்து ஆவணமாக்குதலே இகழ்ச்சிக்கு ஏற்ற விடை என்பதை அவர் வாதம் செய்யாமலே காட்டினார். 1968இல் அவர் பதிப்பித்த ‘கண்ணகி வழக்குரை’யும் அத்தகைய பணியே.

இவர்கள் அனைவர்க்கும் முன்னோடி காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியரான அவர், பாரதியின் பாடல்களை மாணவர் கூடிப் பயில்வதற்குக் கழகமொன்று அமைத்தார். பாரதி பாட்டுக்குப் புலவர் உலகில் அன்று மதிப்பு இல்லை. சந்தையிற் பாடத்தக்க எளிய பாட்டு, பிழை மலிந்த பாட்டு என்றே பலர் கருதினர். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரே, அதுவும் துறவி, அவனை ஏற்றது சிலருக்கு வியப்பாயிற்று, சிலருக்கு வெறுப்பாயிற்று. சில ஆண்டுகளின் பின், 1930களின் நடுவிலே, பாரதி மகாகவியா என்ற வாதம் தமிழ்நாட்டு இதழ்களில் எழுந்தது. இம்முறை மறுத்தவர் பண்டிதர் அல்லர். பல்லாயிரம் வாசகரைக் கொண்ட பத்தி எழுத்தாளர் கல்கி. பாரதி சிறந்த தேசிய கவி, ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத்தக்கவனல்லன் என்பது அவர் பக்கத்து வாதம். எதிர்நின்றவர் வ. ரா.வும், சிற்றிதழ் எழுத்தாளர்களும். கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய விடைகள் 1937இல் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலாயின. பெரிய இதழின் பத்தியாளருக்குச் சிறிய இதழின் எழுத்தாளர் கூறிய விடை இது. பத்தியாளரின் எழுத்து அன்று பல மடங்கு மக்களைச் சென்றடைந்தது. இன்று அவ்வாதத்தை அறிய விழைவோன் தேடிப் படிப்பது அச்சிறுநூலைத்தான்.

அடிகளின் ‘யாழ்நூல்’ 1947இல், அவர் மறைவுக்குச் சில வாரங்கள் முன்னர், திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. பாணரின் கருவியைக் கணிதமும் இசையும் கொண்டு மீட்டெடுத்த நூல் அது. கைலாசபதியின் பாணரும் அடிகளின் பாணரும் ஒருவரே. ஒருவர் மார்க்சிய ஆய்வாளர், மற்றவர் இராமகிருஷ்ணத் துறவி, வழிகள் வேறு. இருவரும் சென்று நின்ற இடம், ஏட்டுக்கு முன் பாட்டு இருந்த இடம்.

கூத்தின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணற்பாலது. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்தும் ஊர்தோறும் ஆடப்பட்டுவந்தன. கற்றோர் அதனை விடியும் வரை ஊரைக் கெடுக்கும் ஆரவாரம் என்றனர். அண்ணாவியாரின் கையிலிருந்த கொப்பியிற் சந்தியும் இல்லை, சந்தமும் சில இடங்களிற் பிழைத்தது. பண்டிதர் கண்ணுக்கு அப்பிழைகளே தெரிந்தன. அண்ணாவியாருக்கு நாளிதழில் எழுதத் தெரியாது. இகழ்ச்சிக்கு அவர் கூறிய விடை மத்தள ஒலியே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவ்வொலியைப் பேராதனைக்குக் கொண்டுசென்றார். 1962இல் ‘கர்ணன் போர்’ பல்கலைக்கழக மேடையில் ஆடப்பட்டது. அதே ஆண்டு ‘அலங்காரரூபன் நாடகம்’ என்ற மட்டக்களப்புக் கூத்து நூலும் அச்சேறியது. ‘இராவணேசன்’ தொடர்ந்து வந்தது. அவற்றில் ஆடிய அமிர்தகழி மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டமே பெற்றார். ஒன்றை மட்டும் குறிக்காது விடுதல் நேர்மையாகாது: இரவு முழுதும் ஆடிய கூத்து பல்கலைக்கழக மேடையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டது, கண்டோரும் கற்றோரே. இகழ்ந்தோர் ஏற்கும் அளவுக்குத் திருத்திய பின்னரே ஏற்கப்பட்டது எனின், அந்த ஏற்பிலே இகழ்ச்சியின் எச்சம் சிறிது கலந்திருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

அக்காலத்திலே தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஏளனம் வந்தது. ஈழத்துக் கதைகளைப் படிக்க அடிக்குறிப்பு வேண்டும் என்று ‘கலைமகள்’ ஆசிரியர் கி. வா. ஜகந்நாதனும், ஈழத்து இலக்கியம் பத்தாண்டு பின்தங்கியது என்று எழுத்தாளர் பகீரதனும் கூறியதாக ஈழத்து எழுத்தாளர் பலர் சினத்தோடு எழுதி வைத்துள்ளனர். அதற்கு ஈழத்தார் கூறிய விடை கூர்மையானது: தஞ்சாவூர் அக்கிரகாரப் பேச்சையும் சென்னைப் பேச்சையும் ஈழத்து வாசகர் அடிக்குறிப்பின்றியே பல்லாண்டு படித்துவந்தனர், அவ்வுழைப்பை மறுகரையினரும் ஏற்றாலென்ன? இவ்விடையைக் கூறிய யாழ்ப்பாணத்து எழுத்தாளர் சிலர், மட்டக்களப்புக் கதையொன்றைக் கண்டபோது, ‘வட்டை என்றால் என்ன?’ என்று புருவம் உயர்த்தினர் என்பதில் ஒரு சுவை இருக்கின்றது.

எதிரணியின் படைப்புக்களில் ஒரு பொதுக் குறையும் உண்டு. உரையாடலிலே பாத்திரம் பேச்சுமொழி பேசும். உரையாடல் முடிந்ததும் ஆசிரியர் தம் செந்தமிழுக்கு ஏறிவிடுவார். ஏழை பேசுவான், கற்றவன் விவரிப்பான். பேச்சுமொழிக்கு உரிமை கேட்ட எழுத்தே அதனை மேற்கோட் குறிக்குள் அடைத்துவைத்தது. இதனை நன்குணர்ந்தவருள் எஸ். பொன்னுத்துரை ஒருவர். யாழ்ப்பாணத்திற் பிறந்து, மட்டக்களப்பில் ஆசிரியராகப் பணிபுரிந்து, இம்மண்ணோடு உறவு கொண்டவர். அவருடைய ‘தீ’ 1961இல் வெளிவந்து கடுங்கண்டனத்தைக் கிளப்பியது; கண்டித்தோர் மரபாளர் மட்டுமல்லர். இழிசனர் என்ற சொல்லுக்கு எதிராகக் கொதித்தோரிற் சிலர், ஆபாசம் என்ற சொல்லை அவர்மீது எடுத்து வீசத் தயங்கவில்லை. அவர் முற்போக்கு அணியை விட்டு விலகி நற்போக்கு என்று வேறு கொடி உயர்த்தினார். அவருடைய விடைகளில் நையாண்டி மிகுதி, தன்வயம் அதனினும் மிகுதி. எதிரியை வெல்லும் இன்பத்திற் சில வேளை பொருளையே மறந்துவிடுவார். ஆயினும் 1966இல் வந்த ‘சடங்கு’ நாவலிலே பேச்சின் ஓசை ஆசிரியர் கூற்றினுள்ளும் புகுந்து ஓடுவதைக் காணலாம். வாதத்திற் கூற இயலாததை நடையிற் செய்து காட்டினார்.

மட்டக்களப்புப் பேச்சுக்கு அத்தகைய விடை செய்யுளாக வந்தது. கல்முனைக்கு அணித்தாகிய பெரியநீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணன், தொழிலால் ஆசிரியர், யாப்பிற் கைதேர்ந்தவர். 1967இல் ‘பாடும்மீன்’ என்ற இதழைத் தொடங்கியவர். பேச்சுமொழிக்கு யாப்பு ஆகாது, யாப்புக்குப் பேச்சுமொழி ஆகாது என்பது மரபணியும் எதிரணியும் சொல்லாமலே ஒப்புக்கொண்ட கருத்து. அதனால் எதிரணியினர் பேச்சுமொழியை உரைநடைக்கு விட்டனர். மரபாளர் யாப்பினைத் தமக்கென வைத்துக்கொண்டனர். நீலாவணன் அவ்வேலியைப் பொருட்படுத்தவில்லை. ‘வேளாண்மை’ என்னும் காவியத்திலே வாவிக்கரை உழவர் குடும்பங்களின் உறவும் சடங்கும் வயல்வேலையும் அவர்கள் பேச்சிலேயே, ஓசை பிசகாத செய்யுளில் நடக்கின்றன. பண்டிதருக்குப் பிழை காட்ட இடமில்லை; உழவனுக்கு அகராதி பார்க்கத் தேவையில்லை. முழக்கங்கள் அடங்கிய பின்னர், எவரையும் விளித்துப் பேசாமல் எழுந்த விடை அது.

அக்காவியம் கவிஞர் வாழ்ந்த நாளில் நூலாகவில்லை. அவர் 1975இல் காலமானார். ‘வேளாண்மை’ அச்சில் வந்தது 1982இல். இழிசனர் வழக்கென்று எழுதியோரும், அதற்கு எதிராக எழுதியோரும் அதற்குள் வேறு வாதங்களுக்குச் சென்றுவிட்டனர்.